மூன்று குருவித் தோரணம்

என் கல்யாண வாசலுக்குத் தோரணம் கட்டியது நான்தான். மணவறை ஜோடித்ததும் நான்தான். கேட்டால் இன்றைக்கும் சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆள் வைத்துக் கட்ட வசதி இருந்திருந்தால் கல்யாணப் பெண் ஏன் ஏணியில் ஏறப் போகிறாள்?

எழுபதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். பதினோரு வீடு, ஒரே கூரை, நடுநடுவே பலகைச் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் நான்காம் வீட்டில் 'நூறு' சொல்வார்கள். எல்லாரும் தமிழ்க்காரர்கள். ஆண்கள் நகரசபையில் ஓடை வாரினார்கள், இல்லையென்றால் படகுத்துறையில் மூட்டை தூக்கினார்கள். அப்பா நகரசபை. அம்மாவும் நானும் கிடங்கில் சுக்கு தேய்த்து மிளகு புடைத்தோம். தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்வோம். நான் பிறந்தது கொச்சியில். மலையாளம் படித்தேன், தமிழ் எழுத்தை அதற்கப்புறம்தான் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்தது. கல்யாணம் என்றால் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். குலதெய்வம் அங்கே, சொந்தம் அங்கே, சோறு போடக் களம் அங்கே. சாவை மட்டும் ஊருக்கு எடுத்துப் போக முடியாது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே சாவுகள் எல்லாம் இங்கே நடந்தன. சந்தில் நான் ஒரு கல்யாணம் பார்த்ததில்லை. சாவு ஏழெட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒன்று அப்பாவுடையது. மஞ்சக்காமாலை, பன்னிரண்டே நாள். பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், சந்தே அழுதது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரே மூட்டைக்காரப் பெரியவர் ஒருவர் குத்துக்காலிட்டு, தென்னங்குருத்தோலையைக் கிழித்து மடித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சாவுகளுக்கெல்லாம் அவர்தான் கட்டுவார். மறு வருஷம் அவரும் போய்விட்டார். அன்றைக்கு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பார்த்தால் அப்பா கிடந்தார், அதனால்தான்.

பெண்கள் சும்மா விடுவார்களா? "அப்பன் கெடக்கான், வேடிக்கை பாக்கா பாரு" என்றார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். குழம்பில் உப்பு கூடினாலும், குடம் கை தவறினாலும், "கல்லுட்டி நீ. பெத்த அப்பனுக்கே அழாதவ" என்பாள். இரண்டு வருஷம் கேட்டேன். திருப்பிச் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. ஒரு சம்பந்தம் வெற்றிலை மாற்றும் வரை வந்து திரும்பிவிட்டது. பெண்ணுக்கு அப்பன் இல்லை, ஆள்பலம் இல்லை, கொச்சியில் வளர்ந்தது என்று மூன்று குறை சொன்னார்கள். அம்மாவுக்குச் சுக்குத் தூசியில் இருமல் பிடித்திருந்தது. இருமி முடித்ததும் என்னைத்தான் பார்ப்பாள். நான் போனால் இவள் யாரிடம் இருப்பாள் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும்.

அந்த நிலையில்தான் இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை எறணாகுளத்தில் ஒரு ஓட்டலில் வேலை. தாயாரும் பெரியப்பாவும் ஊரில். பெரியப்பா வந்து பெண் பார்த்தார். சாயாவைக் குடித்துவிட்டு, "நகை வேண்டாம், சீர் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. கல்யாணம் பொண்ணு வீட்டு வாசல்லதான் நடக்கணும். வாசலும் மணவறையும் நெறைஞ்சு இருக்கணும். அநாதப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தான்னு எங்க ஊர்ல ஒரு பய பேசக்கூடாது" என்றார். ஊரில் அப்பாவின் தம்பிகள் கதவைச் சாத்தி வெகுநாளாகியிருந்தது, ஆகவே இங்கே வைப்பதைத் தவிர எங்களுக்கும் வேறு வழியில்லை. அம்மா, "அதுக்கென்ன, ஜாம்ஜாம்னு பண்ணிருவோம்" என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாளோ!

ஜோடிப்புக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். நாங்கள் நடந்தே வீடு வந்தோம். கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, பூ வாங்கி நாமே கட்டலாம் என்றால், முகூர்த்தம் ஆவணியில். அதே மாதம்தான் இங்கே ஓணம். ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் அத்தம் பிறந்துவிட்டால் வாசல்தோறும் பூக்களம், பூவாலேயே கோலம். தமிழ்நாட்டுப் பூ வந்து இறங்குமுன்னே போய்விடும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். வேலியோரம் சும்மா பூக்கிற செத்தி, செம்பருத்தி, அரளி எல்லாவற்றையும் பிள்ளைகள் விடியுமுன் பறித்துச் செடியை மொட்டையடித்துவிடும். நான் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். ஒரு பை நிறைய இலைதான் கிடைத்தது. மூன்றாம் நாள் கிடங்கில் முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குக் கல்யாணமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்று கத்தினேன்.

பக்கத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த சேச்சி சிரித்தாள். கும்பளங்கிக்காரி, வேதக்காரி. கெட்டிக்காரி. "எடீ, பூ இல்லெங்கில் காகிதம் இல்லே? பள்ளியில் மாதாவுக்கு வருஷம் முழுக்க என்ன பூவாணு வைக்கிறது?" என்றாள். அவர்கள் கோயிலை அவள் பள்ளி என்பாள்.

அன்று முதல் வேலை முடிந்ததும் கிடங்கின் பின்வராந்தாவில் உட்கார்ந்தோம். பட்டம் ஒட்டுகிற வர்ணக் காகிதத்தை வெட்டி, இதழ் இதழாகச் சுருட்டி, விளக்குமாற்று ஈர்க்கில் நூல் வைத்துக் கட்டினோம். கட்டியதும் உருக்கிய மெழுகில் ஒரு முக்கு. மெழுகு பிடித்தால் ஈரக்காற்றில் காகிதம் துவளாது, பூவுக்கு ஒரு பளபளப்பும் வரும். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பள்ளியில் கேட்டு வாங்கி வந்தாள் சேச்சி. விரலெல்லாம் சுட்டுக்கொண்டேன். முந்நூறு பூவுக்கு மேல் செய்திருப்போம்.

மணவறைக்குப் பின்திரை வேண்டுமே? கிடங்கில் கிழிந்த சாக்குகளைக் கேட்டு வாங்கி, பிரித்து, தைத்து, மஞ்சள் கரைத்த வெந்நீரில் வேகவைத்தேன். மிளகுச் சாக்கு அது. ஆவி கிளம்பியதும் பதினோரு வீடும் தும்மியது. "கல்யாணத்துக்கு முன்னாலயே ஊரைக் கொல்லுதியே" என்று திட்டினார்கள். காய்ந்ததும் நல்ல மஞ்சள் நிறம் வந்தது. நான்கு மூங்கில் நட்டு, திரையைக் கட்டி, அதன்மேல் மெழுகுப் பூக்களைக் குத்தினோம். தள்ளி நின்று பார்த்தேன். பரவாயில்லை என்றிருந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

மிச்சம் வாசல். இரண்டு வாழை மரத்தைச் சேச்சி வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தோம். அதோடு தென்னங்குருத்து இரண்டு வெட்டிக் கொடுத்தாள். அவர்களுக்குக் குருத்தோலைப் பெருநாள் உண்டு, ஓலையில் சிலுவை மடிக்கத் தெரியும். தோரணம் தெரியாது.

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

பந்தக்கால் நட்டதிலிருந்து அம்மா முன்வாசல் பக்கமே வரவில்லை. தாலியறுத்தவள் முகம் முன்னால் தெரியக்கூடாது, கை எதிலும் படக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு அடுக்களையோடு கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் பின்வாசல், விறகுக்குப் பின்வாசல். எனக்கு எரிச்சலாக வரும். "உன் மகள் கல்யாணந்தானே, திருட்டு வீடா?" என்பேன். "நீ சும்மா இரு" என்பாள். ஆகவே நான் வாசலில் என்ன கட்டினேன் என்று அவள் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் ஓலையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோரணத்தில் ஓலையை மடித்துக் குருவி மாதிரி ஒன்று செய்து தொங்கவிடுவார்கள். நான் ஒரு முறையும் செய்ததில்லை. ஆனால் கை தானாக ஓடியது. மடித்து, உள்ளே விட்டு, திருப்பி, இழுத்து. ஒரு துண்டுக்கு மூன்று குருவி, தலை கீழே. மூட்டைக்காரப் பெரியவர் அப்படித்தான் செய்தார். அது சாவு வீட்டில் பார்த்தது என்பது எனக்கு ஞாபகம் இல்லாமலா? இருந்தது. கல்யாணத்துக்கும் பந்தல்தான் போடுகிறோம், சாவுக்கும் பந்தல்தான் போடுகிறோம். வாழையும் இரண்டுக்கும் உண்டு. தோரணமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சந்துக்காரர்கள் போகவர நின்று பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் என்னைப்போல இங்கே பிறந்தவர்கள். மீதிப்பேர் குருவியை எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஏணி போட்டு ஏறி வாசலில் கட்டிவிட்டு, குளித்து, கூறைப் புடவை உடுத்தி உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குப் படகுத்துறையிலிருந்து மேளம் கேட்டது. இருபது பேர் இருக்கும். சந்து முனையில் திரும்பியதும் மேளம் நின்றது.

முதலில் பெரியப்பாவின் குரல்தான் கேட்டது.

"எந்த எழவு வீட்டுக்குலே கூட்டிட்டு வந்திருக்கிய?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாரும் எங்கள் வாசலைப் பார்த்து நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் நெஞ்சில் கை வைத்தபடி, மூட்டை ஏற்றுகிற கைவண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியளா? மூணு குருவி. தலை கீழ. சாவுக்குக் கட்டுத தோரணத்தைக் கட்டி எம்புள்ளையக் கூப்புடுதாவ" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததென்பார்கள். இங்கே தாழியை உடைத்தவளும் நான்தான். முந்நூறு பூவும் மஞ்சள் திரையும் வாழையும் அப்படியே நின்றன, அவற்றை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாது. வந்தேன். ஏணியை இழுத்துப் போட்டு, கூறைப் புடவையோடு ஏறி, தோரணத்தைப் பிய்த்து எடுத்தேன்.

"தெரியாமக் கட்டிட்டேன். நான்தான் கட்டினேன். இங்க எங்க வீட்டுல இது ஒண்ணுதான் பாத்திருக்கேன்" என்றேன். ஏணியை விட்டு இறங்கினேன்.

"எது சரின்னு சொல்லுங்க, கட்டுதேன்."

"நாலு குருவி. தலை மேல பாக்கணும்" என்றார் பெரியப்பா.

"எப்படி மடிக்கணும்? ஒண்ணு மடிச்சுக் காட்டுங்க, பெரியப்பா."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க ஊர்ல கோயில் பண்டாரம்லா வந்து கட்டிட்டுப் போவாரு" என்றார் ஒருவர். இருபது பேருக்கும் தப்பு எது என்று தெரிந்திருந்தது. சரியானதை மடிக்க ஒரு கை இல்லை. மாப்பிள்ளை என்று வந்தவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்குக் கேட்டாலும், "பெரியவங்க பேசறப்ப நான் என்ன பேச?" என்பார். நன்றாக இருக்கட்டும்.

"வேண்டாம், திரும்புவோம். சகுனமே சரியில்ல" என்றார் பெரியப்பா.

தாயார் கைவண்டியை விட்டு எழவில்லை. "பத்தரை வரைக்கும் முகூர்த்தம் இருக்கு. அதுக்குள்ள சரியானதக் கட்டினா உள்ள வாரேன். இல்லேன்னா அடுத்த படகுக்குப் போயிருவேன். எம்புள்ளைய இந்த வாசல்ல நொழைய விட மாட்டேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தார். அது தெரிந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அடுக்களைக்கு ஓடினேன். மூங்கில் தட்டிக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள், எல்லாம் கேட்டிருந்தாள். அம்மா ஊரில் வளர்ந்தவள், ஊரில் கல்யாணம் ஆனவள். மிஞ்சிய குருத்தோலையை ஈரச்சாக்கிலிருந்து உருவி அவள் முன்னால் நீட்டினேன்.

"கட்டிக் குடும்மா."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நான் தொடக்கூடாதுட்டி."

"யாருக்கும் தெரியாதும்மா! நீ கட்டு, நான் கொண்டுபோய் மாட்டுதேன்."

"எனக்குத் தெரியுமே" என்றாள். முந்தானையை இரண்டு கையிலும் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீயே மடி. நான் சொல்லுதேன்."

தட்டிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். சேச்சியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா சொல்லச் சொல்ல மடித்தேன். "ரெண்டா மடி. அந்த நுனிய உள்ள விடு. அப்படி இல்ல, மேல இருந்து. இப்பத் திருப்பு." திருப்பினால் என் விரல் பழையபடி கீழே இழுத்தது. "மேலட்டி, மேல! கழுத்து நிமிந்து நிக்கணும்." ஓலை கிழிந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் கிழிந்தது. ஓலை விளிம்பு பட்டு விரலில் ரத்தம் வந்தது. அதைப் புடவையில் படாமல் வாயில் வைத்து உறிஞ்சினேன். மெழுகில் சுட்ட விரல்கள் வேறு. மாரியாத்தா, ஒரே ஒரு குருவி நிமிர்ந்தால் போதும் என்று வேண்டினேன்.

வெளியே பெரியப்பா, "உள்ள யாரு சொல்லிக் குடுக்குது? விதவைப் பொம்பளையா?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்கு எழுந்துபோய் அறையலாம் போலிருந்தது. அம்மாவின் குரல் சட்டென்று நின்றது.

"கை வைக்கலேல்லா? பேசத்தான செய்யுதா. பேசட்டும்" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

அதற்கப்புறம்தான் அம்மா மறுபடி ஆரம்பித்தாள், மெல்லிய குரலில். "கழுத்தை இழு. பயப்படாத, இழு." இழுத்தேன். குருவி நிமிர்ந்தது. சேச்சி, "என்றெ மாதாவே" என்றாள். ஒன்று வந்ததும் மற்றவை வந்தன. சேச்சி என்னைவிட வேகமாக மடித்தாள். துண்டுக்கு நாலாக வாசல் அகலத்துக்கு ஏழு துண்டு. மணி பத்தேகால் இருக்கும்போது ஏணியில் ஏறிக் கட்டினேன்.

பெரியப்பா கீழே நின்று விரல்விட்டு எண்ணினார். ஏழு துண்டையும் எண்ணினார். பிறகு தலையை அசைத்தார். தாயார் கைவண்டியிலிருந்து இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தார். மேளம் அடித்தார்கள். தாலி ஏறியபோது பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மிளகுச் சாக்குத் திரைக்கு முன்னால் மாப்பிள்ளை இரண்டு முறை தும்மினார். அதற்கு யாரும் சகுனம் பார்க்கவில்லை, எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்து புறப்படுகிற நேரம், அம்மாவிடம் சொல்லிக்கொள்ள அடுக்களைக்குப் போனேன். பிய்த்துப்போட்ட பழைய தோரணம் அடுப்போரம் கிடந்தது. யார் உள்ளே கொண்டுவந்தார்களோ தெரியாது. அம்மா அதில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைத் தொட அவளுக்குத் தடையில்லை. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள்.

"ஒரு மடிப்புத் தப்பலை. இதை யாருட்டி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லித் தரலை. அப்பாவுக்குக் கட்டினப்பப் பாத்தது."

"வாசல்ல உக்காந்திருந்தியே, அப்பவா?"

"ஆமாம்மா. உள்ள பாக்க முடியலை. அதான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா ஓலையைக் கீழே வைத்தாள். வெட்டுப்பட்ட என் விரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையப் போயி கல்லுன்னேனேட்டி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, கழுத்தில் ஈரத் தாலிக்கயிறோடு, அப்பா அப்பா என்று வாய்விட்டுக் கத்தி அழுதேன். பலகைச் சுவர் வழியே அது சந்து முழுக்கக் கேட்டிருக்கும். வாசலில் நின்ற பெரியப்பா, "பொண்ணு பொறந்த வீட்டை விட்டுப் போறப்ப இப்படித்தான் அழணும், அதான் லட்சணம்" என்று யாரிடமோ திருப்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.